இழுப்பறையில் கிடந்த மெமோ

நான் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். பணியில் இருந்தபோது ஒரு தாயிடம், அவருடைய மகனின் வழக்கைக் கெடுத்தவர் அரசு வழக்குரைஞர் என்று சொன்னேன். எதிர்த்தரப்பிடம் அவர் காசு வாங்கியிருக்கலாம் என்றும் சொன்னேன். இரண்டும் பொய். சொல்லும்போதே பொய் என்று எனக்குத் தெரியும்.

2012. பஸ் ஸ்டாண்டில் பூ விற்ற ஒரு அம்மாவின் மகன் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். வட்டிக் காசு தகராறில் இரண்டு பேர் அவனைக் கத்தியால் வெட்டினார்கள். கழுத்துக்கு வந்த வெட்டைக் கையால் தடுத்ததில் வலது உள்ளங்கையின் நரம்புகள் அறுந்தன. உயிர் தப்பினான். விரல்கள் திரும்ப மடங்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டம் 307, கொலை முயற்சி என்று வழக்குப் பதிந்து, இரண்டு பேரையும் மூன்றாம் நாளே பிடித்து ரிமாண்ட் செய்தேன். செய்தித்தாளில் என் பெயர் வந்தது. என் மனத்தில் அந்த வழக்கு அன்றோடு முடிந்துவிட்டது.

ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். குற்றவாளியைப் பிடிப்பதுதான் போலீஸ் வேலை, மீதியெல்லாம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரின் வேலை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி எடுக்க வேண்டிய சாட்சி வாக்குமூலங்களை ரைட்டர் எழுதினார். “நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து கூலி வேலை செய்து வருகிறேன்” என்று தொடங்கி மூன்று சாட்சிகளும் வரிக்கு வரி ஒன்றையே சொன்னதாக மூன்று தாள்கள். அவர்களில் இரண்டு பேரை நான் நேரில் பார்க்கவேயில்லை. நானே விசாரித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். கத்தியைக் கைப்பற்றிய மகஜருக்கு, எங்கள் ஸ்டேஷனில் எந்த மகஜர் என்றாலும் வந்து நிற்கிற அதே டீக்கடைக்காரரும் அவருடைய மச்சானும் சாட்சி. கைது செய்த நேரம் காலை 7 மணி என்று ஒரு தாளில் இருந்தது. கைதான பிறகு எதிரி கொடுத்த வாக்குமூலம் 6.30 மணி என்று இன்னொரு தாளில் இருந்தது.

ரிமாண்ட் ஆன 62-ஆம் நாள் குற்றப்பத்திரிகை வரைவை ஏ.பி.பி. பார்வைக்கு அனுப்பினேன். உதவி அரசு வழக்கு நடத்துநரைத்தான் ஏ.பி.பி. என்போம். 69-ஆம் நாள் வழக்குக் கட்டு திரும்பி வந்தது. மேலே இரண்டு பக்க மெமோ, ஏ.பி.பி. தன் கைப்பட எழுதியது, பதினோரு குறைகள். நேர முரண்பாடு, ஒரே வார்ப்பில் வாக்குமூலங்கள், வழக்கமான மகஜர் சாட்சிகள், எல்லாம் அதில் இருந்தன. நான்காவது குறிப்புதான் முக்கியமானது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், “தெரிந்த மூன்று நபர்கள் இரும்புக் கம்பியால் தாக்கியதாக” என்று டாக்டர் எழுதியிருந்தார். எங்கள் எஃப்.ஐ.ஆரில் இரண்டு பேர், கத்தி. “காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த ஆட்டோ ஓட்டுநரை விசாரித்து, டாக்டரிடம் விவரம் சொன்னது யார் என்று தெளிவுபடுத்தவும். டாக்டரையும் விசாரிக்கவும். இதைச் சரிசெய்யாவிட்டால் வழக்கு நிற்காது” என்று ஏ.பி.பி. எழுதியிருந்தார்.

அரை நாள் வேலை. பையன் மயக்கத்தில் கிடந்தபோது, சம்பவத்தைப் பார்க்காத அந்த ஓட்டுநர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார், டாக்டர் அதை எழுதிக்கொண்டிருப்பார். அந்த ஒரு வாக்குமூலம் கையில் இருந்தால் போதும். பஸ் ஸ்டாண்டு ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கேட்டால் ஆளைக் காட்டியிருப்பார்கள்.

நான் போகவில்லை. அந்த மெமோவை வாசித்ததும் எனக்கு வந்தது கோபம். ராத்திரி பகலாக அலைந்து நாங்கள் ஆளைப் பிடித்துக்கொண்டு வருகிறோம், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒருவர் சிவப்புப் பேனாவால் குறை சொல்கிறார் என்று ரைட்டரிடம் கத்தினேன். மெமோவை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். அங்கே அது 19 நாள் கிடந்தது.

அந்த நாட்களில் எனக்கு வேலை இல்லாமல் இல்லை. கோயில் திருவிழா பந்தோபஸ்து, ஒரு மந்திரி வருகை, ஒரு சாலை மறியல். விசாரணைக்கும் சட்டம் ஒழுங்குக்கும் தனித்தனிப் போலீசார் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2006-லேயே சொல்லியிருக்கிறது. எங்கள் ஸ்டேஷனில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்கள்தான். இந்தக் குறை உண்மையானது, இன்றைக்கும் அதைச் சொல்லுவேன். ஆனால் அந்த 19 நாளில் ஒரு மதியம் ஆட்டோ ஸ்டாண்டு வரை நடக்க எனக்கு நேரம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

88-ஆம் நாள் ரைட்டர்தான் நினைவூட்டினார். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2)-இன்படி எதிரிகளுக்குப் பிணை கிடைப்பது உரிமை. எந்தக் குறையையும் சரிசெய்யாமல் கட்டை அப்படியே திரும்ப அனுப்பினேன். அதே பதினோரு குறிப்புகளோடு மறுநாளே அது திரும்பி வந்தது.

அடுத்து நான் செய்ததுதான் என்னை இதை எழுத வைக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய ஏ.பி.பி.யின் சம்மதம் சட்டப்படி தேவையே இல்லை. அதே சட்டத்தின் 173(2)-இன்படி இறுதி அறிக்கை ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியுடையதாக இருந்தது. தமிழ்நாட்டில் ஒரு இளம் மனைவியின் சாவைப் பற்றிய வழக்கில், அரசு வழக்குரைஞரின் கருத்தைக் கேட்டுத் திருத்திய குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும்படி சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. அந்த உத்தரவை 2000-இல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. சரளா எதிர் வேலு என்ற அந்தத் தீர்ப்பு சொன்னது, எந்தக் குற்றம், யார் எதிரி என்று முடிவு செய்வது விசாரணை அதிகாரியின் வேலை, அரசு வழக்குரைஞரின் வேலை அல்ல என்று. ஆலோசனை கேட்கலாம், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். பதவி உயர்வுப் பயிற்சியில் படித்ததுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. குற்றம் சாட்டலாமா வேண்டாமா என்பது அங்கே பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் ஜெயித்து வரும் மாவட்ட வழக்குரைஞரின் கையில் இருக்கிறது. போலீசாரோடு பகிரங்கமாக மோதிய சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட வழக்குரைஞர் செசா பூடின் 2022 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் பதவி இழந்தார். எங்கள் ஏ.பி.பி.க்கு அந்த அதிகாரத்தில் நூறில் ஒரு பங்கு கிடையாது. இருப்பதுபோல நாங்கள்தான் பேசிக்கொண்டோம், ஏனென்றால் அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

89-ஆம் நாளோ 90-ஆம் நாளோ நான் தாக்கல் செய்திருக்கலாம். செய்தால், ஓட்டையும் உடைசலுமாக வழக்கு என் பெயரில் தோற்கும். செய்யாவிட்டால், “ஏ.பி.பி. கட்டைத் திருப்பிவிட்டார்” என்று க்ரைம் மீட்டிங்கில் எஸ்.பி.யிடம் சொல்லலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். 91-ஆம் நாள் இரண்டு பேரும் பிணையில் வெளியே வந்தார்கள். அன்று சாயங்காலமே அந்த அம்மாவின் பூக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுப் போனார்களாம்.

அந்த அம்மா ஸ்டேஷனுக்கு வந்தார். “ஐயா, அவனுங்க எப்படி வெளிய வந்தானுங்க?” என்றார். நான் சொன்னேன்: “நான் எல்லாம் செஞ்சு குடுத்துட்டேன்மா. கோர்ட்டுல இருக்கிற அரசாங்க வக்கீல்தான் கேஸை எடுக்க மாட்டேன்னு திருப்பி விட்டார். என்னத்த வாங்கினாரோ, யாருக்குத் தெரியும்.”

மறுநாள் கோர்ட் வளாகத்தில், வக்கீல்களும் கட்சிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா ஏ.பி.பி.யை வழிமறித்தார். “என் புள்ள கையை வித்துத் தின்னுட்டியே, நீ நல்லா இருப்பியா” என்று மண்ணை வாரி அவர்மேல் தூற்றினார். கறுப்புக் கோட்டு முழுக்க மண். நான் வேப்பமரத்தடியில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். “மெமோ இன்ஸ்பெக்டரிடம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோட்டைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. விசாரணை நடந்தது. குறுக்கு விசாரணையில் நான் சொன்னவை பதிவில் இருக்கின்றன. “ஆட்டோ ஓட்டுநரை விசாரிக்கவில்லை என்றால் சரிதான். மூன்று சாட்சிகளின் வாக்குமூலங்களும் ஒன்றுபோல் இருக்கின்றன என்றால் சரிதான்.” ஒவ்வொரு “சரிதான்” சொல்லும்போதும் மெமோவின் எண்கள் எனக்குள் ஓடின. மகஜர் சாட்சிகள் இரண்டு பேரும் பிறழ்சாட்சிகள் ஆனார்கள். 2015-இல் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து இருவரையும் விடுதலை செய்த தீர்ப்பு சொன்ன காரணங்களில், மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சிவப்புப் பேனா எழுதாத ஒன்றும் இல்லை.

அதற்கு முந்தைய வருடம், 2014 ஜனவரியில், ஒரு சிறுமி கொல்லப்பட்ட குஜராத் வழக்கில், கிஷன்பாய் தீர்ப்பில், சுப்ரீம் கோர்ட் ஒன்று சொல்லியிருந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போகும் முன்பே அதன் குறைகளைக் களைய வேண்டும், ஒவ்வொரு விடுதலைக்கும் காரணத்தை ஆராய்ந்து, தவறிய அதிகாரிகள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று. என்மேல் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. நானும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. “இந்த ஏ.பி.பி.க்களை வைத்துக்கொண்டு எந்தக் கேஸும் நிற்காது” என்று ஓய்வுபெறும்வரை பேசிக்கொண்டிருந்தேன். கேட்ட இளம் எஸ்.ஐ.க்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்தது அதுதான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, போலீஸ் அறிக்கையைப் பரிசீலிக்கும் பொறுப்பை வழக்குத் தொடர்வுத் துறை அதிகாரிகளுக்குப் பெயர் சொல்லியே கொடுத்திருக்கிறது. அதைப் பற்றி அந்த எஸ்.ஐ.க்களில் ஒருவர் போனில் என்னிடம் புலம்பினார். அவர் வாயிலிருந்து வந்தவை என் வார்த்தைகள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் அந்த ஏ.பி.பி.யின் வீட்டைத் தேடிப் போனேன். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். கண்ணில் புரை எடுத்திருந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: “அந்த அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா, இன்ஸ்பெக்டர்?”

சொல்லவில்லை. ஏ.பி.பி.யிடம் போவது எனக்குச் சுலபமாக இருந்தது. படித்தவர், கோபப்பட மாட்டார் என்று தெரியும்.

அடுத்த நாள் அந்த அம்மாவிடம் போனேன். பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டிய பிறகு அவர் மார்க்கெட் ஓரத்தில் கடை போட்டிருக்கிறார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் பூவை முழம் போட்டுக்கொண்டிருந்தான். மெமோ, இழுப்பறை, 19 நாள், ஆட்டோ ஓட்டுநர், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வக்கீல் ஒரு காசும் வாங்கவில்லை, வழக்கைக் காப்பாற்றப் பார்த்தவரே அவர்தான் என்றேன். மகன் தலைநிமிரவில்லை. அந்த அம்மா தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“அந்த ஐயா மேல மண்ணை வாரிப் போட்டேனே” என்றார். பிறகு, “அவர் வீடு எங்க இருக்கு?” என்று கேட்டார்.

விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். என்னிடம் அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.