எழுத்துக்கும் அளவு வேண்டும்



நம்ம ஊர்க்காரங்களுக்குப் பனியன் அளவைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 85 என்றால் மார்புச் சுற்றளவு 85 செ.மீ. எல்லாக் கம்பெனிக்கும் அதே அளவுதான். ஒவ்வொருத்தரும் இஷ்டத்துக்கு நம்பர் போட்டால் என்ன ஆகும்? கணினித் தமிழுக்கு அதுதான் ஆச்சு.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். பழைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடம்தான். அதில் தமிழை அவரவர் விருப்பம்போல் வைத்தார்கள். ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து இருக்கும். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதை ஒட்டித் தமிழுக்கு மட்டும் டாம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வர டாப் என்று இரண்டு முறைகள் வந்தன. ஆனாலும் பலர் பழையதை விடவில்லை.

எங்க அம்மிச்சி கும்மிப்பாட்டு நிறையப் பாடுவாங்க. 2006-இல் மாமா அதையெல்லாம் ஒரு டி.டி.பி. கடையில் டைப் பண்ணி சி.டி.யில் வாங்கி வெச்சார். இப்போ அம்மிச்சி இல்லை. போன மாசம் அந்த சி.டி.யைப் பிரவுசிங் சென்டரில் போட்டோம். தலையில் கொம்பும் புள்ளியும் வெச்ச ஆங்கில எழுத்தா வந்துச்சு. "பாட்டெல்லாம் போயிருச்சா கண்ணு?"ன்னு கேட்டு அம்மா அழுதுட்டாங்க.

எங்க அறிவியல் டீச்சர்கிட்டே கேட்டேன். "எதுவும் அழியலை. எண் எல்லாம் அப்படியே இருக்கு. எந்த எழுத்துருன்னு கண்டுபிடிச்சா யூனிகோடுக்கு மாத்திரலாம்" என்றார்.

யூனிகோடில் உலகம் முழுக்க 'க'வுக்கு எண் 2965. 'கா'வுக்குத் தனி எண் கிடையாது. 2965-உடன் துணைக்காலின் எண் 3006 சேர்ந்தால் 'கா'. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதனால்தான் இன்னைக்கு ஒரு செல்போனில் அடிச்ச தமிழ் இன்னொரு செல்போனிலும் தமிழாவே தெரியுது.

எழுத்துரு மாற்றியில் ஒவ்வொரு முறையாப் போட்டுப் பார்த்தோம். நாலாவதில் பாட்டு வந்துச்சு! அம்மா படிக்கலை, திரையைப் பார்த்துப் பாடவே ஆரம்பிச்சுட்டாங்க. மொத்தம் 11 பாட்டு.

தோழர்களே, உங்க வீட்டிலும் பழைய சி.டி. இருக்கலாம். திறந்தால் புரியலையேன்னு குப்பையில் போட்டுராதீங்க. டைப் அடிச்சவங்களைத் தேடி எழுத்துருவின் பெயரைக் கேளுங்க. மாற்றினதும் ஒரு பிரதியை நோட்டிலும் எழுதி வையுங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி