சடைக்குத் தூள் ஆகாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. போட்டோ பார்த்தேன். சடை நன்றாகவே பிடித்திருக்கிறது. பின்கழுத்தில் மட்டும் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கின்றன, இப்போதே பிரித்து விடு. அம்மாவும் பார்த்தாள். "உன்னைப் பார்த்துத்தான் அவளும் கெட்டாள்" என்று எனக்கு அர்ச்சனை நடந்தது. குளிக்காமல் கிடந்தால்தான் சடை விழும் என்று அவள் இன்னும் நம்புகிறாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முடி வழுக்கிக்கொண்டு போகும், சுத்தமான முடிதான் இறுகிப் பிடிக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

ஷாம்பு இல்லாமல் வீட்டிலேயே ஏதாவது செய்து அலசலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. ஆனால் நம் வீட்டுப் பழக்கத்தை அப்படியே சடைக்குக் கொண்டுபோகாதே. அரப்பு, பச்சைப்பயறு மாவு, அரைத்த வெந்தயம், தயிர் எல்லாம் விரித்த கூந்தலுக்கு. நாலு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போய்விடும். சடைக்குள் புகுந்த தூள் அப்படி வெளியே வராது. இங்கே நண்பர் ஒருவர் சடையை எடுத்தபோது ஒன்றை நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். நடுவில், பென்சிலுக்குள் கரி ஓடுகிற மாதிரி, பச்சையும் சாம்பலும் கலந்த கோடு ஒன்று நுனிவரை ஓடியது. அத்தனையும் அரப்பு. மோந்தால் மக்கின வாடை.

ஆகவே தூளே வேண்டாம், சாறு மட்டும். பூந்திக்கொட்டை பத்து எடுத்து, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிடு. சீயக்காய் மூன்று நான்கு ஒடித்துப் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரியே ஊற வை. காலையில் கால் மணி நேரம் சிறுதீயில் கொதிக்கட்டும். புளிப்பும் வெல்லமும் கலந்த வாடை வரும், பயப்படாதே. ஆறினதும் கையால் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டு. அடியில் தங்கும் வண்டலை ஆசைப்பட்டு ஊற்றிவிடாதே. மண்டையில் ஊற்றி விரல் நுனியால் தேய்த்தால் போதும், வழியும் நுரை சடையைப் பார்த்துக்கொள்ளும். கண்ணில் பட்டால் உயிர் போகும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடு.

உன் விடுதியில் போர் தண்ணீர் என்றாய். அங்கே சாதாரண சோப்பு போட்டால் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து சடையில் தங்கிவிடும். பூந்திக்கொட்டை நுரை அப்படித் திரியாது. பட்டுச்சேலையை அலசுவதும் நகைக்கு மெருகேற்றுவதும் இதில்தானே.

இணையத்தில் பார்த்துவிட்டு ஆப்பசோடா கேட்டிருந்தாய். அதில் பிசுக்கு போகும், உண்மைதான். ஆனால் தலைத்தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, பி.எச். 5.5 அளவில் இருக்கும். சோடாக் கரைசல் 8-க்கு மேல். வாரா வாரம் ஊற்றினால் முடியின் செதில் எழும்பிச் சொரசொரத்து, நாளடைவில் ஒடியும். சில மாசத்துக்கு ஒருமுறை என்றால் சரி. அதையும் வினிகரையும் ஒரே வாளியில் கலக்காதே. பொங்குவதைப் பார்க்க அழகாக இருக்கும், ஒன்றையொன்று முறித்துவிட்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். வினிகரோ எலுமிச்சையோ தனியாக, ஒரு லிட்டருக்கு இரண்டு ஸ்பூன், கடைசி அலசலுக்கு. சலவைச் சோடாவை ஆப்பசோடா என்று எடுத்து வைத்துக்கொள்ளாதே, அது தோலையே அரித்துவிடும்.

ஜமைக்காவில் நம்மைப் போலச் சடை வளர்க்கும் ரஸ்தாக்காரர்கள் கற்றாழைச் சோற்றையும் சப்பாத்திக்கள்ளி மடலையும் தேய்த்து அலசுவார்கள். மண்ணில் விளைந்ததே உடம்புக்கு ஆகும் என்பது அவர்கள் நெறி, ஐட்டல் என்பார்கள். அவர்களுடைய சுருள்முடியில் தலை எண்ணெய் நுனிவரை இறங்குவதில்லை, அந்தக் கொழகொழப்பு வறட்சிக்கு ஆகும். நம் முடியில் எண்ணெய் சுலபமாக இறங்கிவிடும். கற்றாழை வேண்டுமென்றால் மண்டையில் மட்டும் தடவி நன்றாக அலசிவிடு.

எதில் அலசினாய் என்பதைவிட எப்படி உலர்த்தினாய் என்பதுதான் பெரிய விஷயம். வெயிலடிக்கும் காலையாகப் பார்த்துக் குளி. ஒவ்வொரு சடையாகத் துண்டில் சுற்றிப் பிழி. மேலே காய்ந்த மாதிரி தெரியும், இரண்டு விரலால் அழுத்தினால் உள்ளே சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பு போகும்வரை கொண்டை போடாதே, படுக்காதே. ஈரம் தங்கினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், அப்புறம் வெட்டுவதுதான் வழி. மழை நாளில் டிரையர் போட்டுக்கொள், அதில் ஒன்றும் குற்றமில்லை.

தீபாவளிக்கு வருகிறாய். அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி வைத்துக்கொண்டு நிற்பாள். உடம்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கட்டும், தலைக்கு உச்சியில் ஒரு சொட்டு போதும் என்று நானே சொல்லி வைக்கிறேன். கேட்பாள் என்று உறுதி சொல்ல முடியாது. பூந்திக்கொட்டையை அங்கே வாங்காதே. விதையோடு நிறுத்தால் பாதிக் காசு விதைக்கே போய்விடும். இங்கே சந்தையில் உடைத்ததே கிடைக்கும், அரைக் கிலோ வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்