1.88 மீட்டர் உயரமும் ஒரு கிரிக்கெட் மைதானமும்: சேலத்தின் இரண்டு கிராமங்கள்

சேலத்தில் தர்மபுரி பஸ் ஏறினால், ஓமலூர் தாண்டியும் வலது பக்கம் சேர்வராயன் மலை கூடவே வரும். இடது பக்கம் மரவள்ளி, சோளம், நிலக்கடலை என்று வானம் பார்த்த பூமி. தீவட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது பெரியவடகம்பட்டி. 2016 செப்டம்பருக்கு முன்னால் சேலத்துக்காரர்களிலேயே பலர் கேள்விப்பட்டிராத பெயர். மாரியப்பன் தங்கவேலுவின் ஊர் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும்.

ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போனபோது பஸ் ஏறி, வலது காலின் கீழ்ப்பகுதி நசுங்கிப்போன பையன். அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டச் சொன்னார். 14 வயதில் முதல் போட்டி. கூடத் தாண்டிய மாணவர்கள் யாருக்கும் காலில் குறை இல்லை. மாரியப்பன் இரண்டாவதாக வந்தார். ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற கதை ஊரறிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை.

உயரம் தாண்டுதல் ஒரு விசித்திரமான விளையாட்டு. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. தாண்டினால் கம்பை உயர்த்துவார்கள். மூன்று முறையும் தட்டினால் வெளியே. அதனால் தங்கம் வென்றவரும் பெரும்பாலும் கடைசியில் கம்பைத் தட்டிவிட்டுத்தான் மைதானத்தை விட்டு வருவார். தோற்காமல் முடிகிற ஆட்டமே இல்லை. எந்த உயரத்தில் தோற்றோம் என்பதுதான் கணக்கு.

2019-ல் துபாயில் நடந்த உலகப் போட்டியில் மாரியப்பனுக்கு மூன்றாம் இடம். 2021-ல் டோக்கியோ. தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்த வேண்டியவர் அவர்தான். விமானத்தில் கூட வந்த ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்து தனிமைப்படுத்தப்பட்டார். கொடி வேறொருவர் கைக்குப் போனது. ஆகஸ்ட் 31, போட்டி நாள். மழை. 1.86 மீட்டரை அவரும் அமெரிக்காவின் சாம் கிரூவும் தாண்டினார்கள். 1.88-ல் இருவருமே இரண்டு முறை தட்டினார்கள். மூன்றாவது முறையில் கிரூ தாண்டிவிட்டார், மாரியப்பனால் முடியவில்லை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை மழையில் நனைந்து சிரமமாகிவிட்டது, இல்லையென்றால் தங்கம்தான் என்று பின்னால் சொன்னார். சாக்குப்போக்கு என்று தோன்றலாம். ஓடிவந்து எழும்புகிறவருக்கு ஈரத்துணி என்ன செய்யும் என்பது அவருக்குத்தானே தெரியும்!

2024 மே மாதம், ஜப்பானின் கோபே நகரில் உலகப் போட்டி. மீண்டும் அதே ஜப்பான், அதே 1.88. இந்த முறை கம்பு விழவில்லை. உலகப் போட்டியில் அவருக்கு முதல் தங்கம் அது, போட்டிச் சாதனையும்கூட. நாலு மாதம் கழித்து பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85-தான் முடிந்தது, வெண்கலம். அங்கே வென்ற அமெரிக்க இளைஞர் எஸ்ரா ஃப்ரெக் தாண்டியது 1.94. அவர்தான் கோபேயில் மாரியப்பனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர்.

இந்தச் சமவெளியில் கூரை போட்ட விளையாட்டு அரங்கம் நகரத்துக்காரர்களின் சமாச்சாரம். இறகுப்பந்துக்குக் காற்று ஆகாது, நாலு சுவர் வேண்டும். கிராமத்துத் திடலுக்குக் கம்பளிப் பந்தில் ஆடுகிற பூப்பந்து, கபடி, அப்புறம் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்.

அந்த டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர்தான் சின்னப்பம்பட்டி நடராஜன். இது தாரமங்கலம் தாண்டி, எடப்பாடிப் பக்கம். தறி சத்தம் கேட்கிற வட்டாரம். அப்பா தறிக்கூலி, அம்மா சாலையோரக் கோழிக்கறிக் கடை. 20 வயது வரை ஊர்ப் போட்டிகள்தான். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் கிடைத்தது. கூடவே வந்தது அடி: பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் எழுதிவிட்டார்கள்.

ஒரு ஆட்டத்தில் தோற்பது வேறு, இது வேறு. சிறு வயதிலிருந்து பழகிய கையையே மாற்ற வேண்டும். சென்னையில் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து, ஓட்டம், தோள், முழங்கை என்று முதலிலிருந்து தொடங்கினார். ஏறக்குறைய ஓராண்டு போனது. 2016-ல் டி.என்.பி.எல். போட்டியின் சூப்பர் ஓவர் ஒன்றில் ஆறு பந்தும் யார்க்கர். மறு ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலை, 3 கோடிக்குப் போனது. 2020 டிசம்பர், 2021 ஜனவரி இரண்டு மாதங்களுக்குள் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகம்.

2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் கட்டிய கிரிக்கெட் மைதானத்தை தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். இங்கே பழகுகிற பையன்களுக்கு யார்க்கரோடு, முழங்கையை எப்படி வைப்பது என்பதும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

போக நினைப்பவர்கள் சேலத்தில் காலையிலேயே கிளம்புவது நல்லது. வழியில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். ராமர் இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவார், வாலியின் தூணிலிருந்து ராமர் தெரியமாட்டார் என்கிற சிற்பம் அங்கேதான். மதியம் நடை சாத்திவிடுவார்கள். சாயங்காலம் சேலம் திரும்பினால் தட்டுவடை செட் கிடைக்கும்.