11 மணி தலைவலிக்கு என்ன காரணம்?

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை அவருக்கு. வயது 34. காலை 5 மணிக்கு எழுந்தால் கணவருக்கு டிபன் பாக்ஸ், மாமியாருக்கு சுடச்சுட இட்லி, மகனுக்கு யூனிஃபார்ம் என்று நிற்க நேரம் இருக்காது. தனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி. 'கடைக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று பஸ் ஏறிவிடுவார்.

11 மணிக்குத் தலைவலி வந்துவிடும். கை லேசாக நடுங்கும். டீயும் இரண்டு க்ரீம் பிஸ்கட்டும் உள்ளே போனால் கொஞ்ச நேரம் தெம்பு, அப்புறம் பழைய சோர்வு. மதியம் 2 மணிக்கு அகோரப் பசியில் அளவு தெரியாமல் சாப்பிடுவார். 4 மணிக்குக் கண் சொக்கும். வீட்டுக்கு வந்தால் மகன் எதைக் கேட்டாலும் எரிச்சல்.

ஒருநாள் 1,250 ரூபாய் பில்லுக்கு 2,000 ரூபாய் வாங்கியவர், 750-க்குப் பதில் 1,250 ரூபாயை மீதி கொடுத்துவிட்டார். 500 ரூபாயை சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

இரவு 9 மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் 2 மணிக்குத்தான் சாப்பிடுகிறார் என்றால், நடுவில் 17 மணி நேரம். காபி பசியைக் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும், வயிற்றை நிரப்பாது. மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த பிஸ்கட் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அது இறங்கும்போது பசி மறுபடி வரும்.

மகன் மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. 2022 செப்டம்பர் 15-ல் இதே மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், பள்ளியிலேயே சாப்பிடுகிறான். ஒரு ராத்திரி அவன் கேட்டான்: "இன்னைக்கு எங்களுக்குப் பொங்கலும் சாம்பாரும்மா. உனக்குக் கடையில யாரும்மா தருவா?"

பதில் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. கேட்டுக்கொண்டிருந்த மாமியார் மறுநாள் அடுப்படிக்கு வந்து, "நான் பாத்துக்கறேன். நீ உக்காந்து சாப்பிடுத்தா" என்றார்.

மூன்று இட்லி, கெட்டியாக ஒரு கரண்டி காய்கறி சாம்பார், ஒரு அவித்த முட்டை. வெறும் இட்லி, சட்னி என்றால் சீக்கிரம் பசித்துவிடும். பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம், காய்களின் நார்ச்சத்து இரண்டும் செரிமானத்தை மெதுவாக்குவதால் பசி தாங்கும். நேரமில்லாத நாளில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் கைப்பையில் இருக்கும்.

ஒரு மாதத்தில் 11 மணி தலைவலி குறைந்தது. பிஸ்கட் பாக்கெட் வாங்குவது நின்றது. சாப்பிட்டும் தலைவலி, நடுக்கம் தொடர்ந்தால் டாக்டரைப் பார்த்து, ரத்தசோகை, சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதிப்பது நல்லது.

இப்போதெல்லாம் பள்ளிக்குக் கிளம்பும்போது மகன் ஒரு கேள்வி கேட்கிறான்: "சாப்பிட்டியாம்மா?"

உங்கள் வீட்டிலும் கடைசியாகச் சாப்பிடும் ஒருவர் இருப்பார். நாளை காலை அவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.