உலோகம் எங்கே போயிற்று?

நாணயம் சேர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மீதிச் சில்லறை வாங்கினால் எண்ண மாட்டார்கள், திருப்பிப் பார்ப்பார்கள். எனக்கும் அது தொற்றிப் பல வருடம் ஆகிறது. நடத்துநர் தரும் ஐந்து ரூபாயைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறேன். தேடுவது ‘எரர் காயின்’. கிடைப்பது பெரும்பாலும் அடிபட்ட காயின்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களை நம்பித்தான் ஒரு வியாபாரமே நடக்கிறது. “இந்த நாணயம் உங்களிடம் இருந்தால் லட்சாதிபதி” என்று வாட்ஸ்அப்பில் வராத வாரமில்லை. பழைய நாணயங்களை வாங்க விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட வேண்டியிருந்தது.

எது பிழை, எது சேதம் என்று சொல்ல, நாணயம் உருவாகும் விதம் கொஞ்சம் தெரிந்தால் போதும். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நான்கு நாணயச்சாலைகளிலும் முறை ஒன்றுதான். நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். சூடாக்கிப் பதமாக்கி, ஓரத்தை நெருக்கி விளிம்பு எழுப்புவார்கள். பிறகு மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே, சுற்றிலும் ஒரு எஃகு வளையத்துக்குள் வைத்து ஒரே அழுத்து. தலையும் பூவும் அந்த நொடியில் விழுகின்றன. அந்த நொடி வரைக்கும் நடந்த கோளாறு பிழை. அதற்குப் பிறகு எது நடந்திருந்தாலும், எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அது சேதம்தான்.

அந்த நொடியை நாம் பார்க்கவில்லையே என்றால், உலோகம் பார்த்திருக்கிறது. நாணயத்தைக் கையில் எடுத்ததும் நான் கேட்கும் ஒரே கேள்வி: இங்கே இருந்த உலோகம் எங்கே போயிற்று? அல்லது, இங்கே அதிகமாக இருக்கிற உலோகம் எங்கிருந்து வந்தது?

என்னிடம் மஞ்சள் நிற ஐந்து ரூபாய் ஒன்று இருக்கிறது. சிங்கத் தூணுக்கு வலப்பக்கம், ‘இந்தியா’ என்ற ஆங்கில எழுத்துகளின் ஊடாக, மயிரிழை போல ஒரு கோடு விளிம்புவரை போகிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. பள்ளமாக அல்ல, மேடாக. ஆணியால் கீறினால் பள்ளம் விழும், பள்ளத்தின் இரு கரையிலும் உலோகம் ஒதுங்கி நிற்கும். வெளியிலிருந்து எதைக் கொண்டு உரசினாலும் இப்படி ஒரு மேட்டை உண்டாக்க முடியாது. அச்சு விரிசல் விட்டிருக்கிறது. அழுத்தும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறிக்கொண்டது. லென்ஸில் பார்த்தால் கோடு எழுத்தின் மேலும் வெற்றிடத்தின் மேலும் அறுபடாமல் ஓடுகிறது.

ஓரம் கடிபட்ட நாணயங்கள் இன்னும் சுவாரசியம். பூரிக்கு மாவைத் தேய்த்து டம்ளரால் வட்டம் வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய குழியின் மேல் டம்ளர் கொஞ்சம் ஏறிவிட்டால் பூரி பிறை போலக் குறையும் அல்லவா, அதேதான். தகடு போதுமான அளவு நகராமல் இருந்திருக்கிறது. இதைக் கத்தரியாலும் அரத்தாலும் செய்ய முடியாதா என்றால், அந்த இடத்தை மட்டும் செய்யலாம். ஆனால் பிழை நாணயத்தில் கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்கும். விளிம்பு எழுப்பும் இயந்திரம் இரு பக்கமும் நெருக்கித்தான் வேலை செய்கிறது. ஒரு பக்கம் உலோகம் இல்லையென்றால் எதிர்ப்பக்கமும் அழுத்தம் கிடைக்காது. அரம் பிடிப்பவர் கடித்த இடத்தையே பார்ப்பார். எதிர்ப்பக்கம் அவர் நினைவில் இருக்காது.

ஒரு கண்காட்சியில், ஒரு ரூபாயில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகக் குழிந்திருந்ததைக் காட்டி, “சார், இது மின்ட் மிஸ்டேக். வேற எங்கயும் கிடைக்காது” என்றார் ஒருவர். அப்படி ஒரு பிழை உண்மையிலேயே உண்டு. அடித்த நாணயம் வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் அந்த நாணயத்தின் உருவம் தலைகீழ்க் குழியாகப் பதியும். ஆனால் அப்போது அந்தப் பக்கத்துக்கான அச்சு வில்லையைத் தொடவே தொடாது. அவர் காட்டியதில் குழி எழுத்துக்கு அடியில் பழைய மேட்டெழுத்தின் மிச்சம் நசுங்கித் தெரிந்தது. பின்பக்கம் வழவழவென்று தட்டையாகியிருந்தது. இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டறையில் சுத்தியால் அடித்த வேலை அது.

பத்து ரூபாய் வந்த பிறகு கைவேலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 27 மில்லிமீட்டர், வெளியே மஞ்சள் வளையம், உள்ளே வெள்ளை வட்டம். நடுவட்டத்தைத் தட்டி எடுத்துப் புரட்டிப் பொருத்திவிடுகிறார்கள்: சுற்றிலும் தலைப்பக்கம், நடுவில் பூப்பக்கம். பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அச்சுக்கு அடியில் போகும்வரை வளையமும் வெற்று, வட்டமும் வெற்று. இரண்டும் ஒன்றாகச் சேர்வதும் படம் விழுவதும் ஒரே அழுத்தில். படம் இல்லாத வட்டத்தை எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஒன்றுதான். ஆகவே நாணயச்சாலை விரும்பினாலும் இந்தப் பிழையைச் செய்ய முடியாது. உள்வட்டம் மையத்திலிருந்து விலகி, கோடு கலையாமல் படம் இரு உலோகத்திலும் தொடர்ந்து விழுந்திருந்தால், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, நகையாக இருந்த நாணயங்கள். பழைய வெள்ளி ரூபாயில் வளையம் வைத்துப் பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருப்பார்கள். பிறகு வளையத்தை எடுத்திருப்பார்கள். உச்சியில் பற்றாசு துணுக்காக நிற்கும். அச்சு உடைந்து உலோகம் திரண்டது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நிறம் வேறாக இருக்கும், பக்கத்தில் அரம் பட்ட கோடு இருக்கும். அமிலத்தில் ஊறியவை இதைவிடச் சுலபம்: எல்லா எழுத்தும் ஒரே அளவில் கரைந்து, எடை குறைந்திருக்கும். 1992இல் வந்த எஃகு ஒரு ரூபாயின் எடை 4.85 கிராம். தராசில் வைத்தால் கதை முடிந்தது.

பிழையும் இல்லாத, சேதமும் இல்லாத நாணயங்களைச் சந்தேகிப்பதுதான் எனக்கு எரிச்சல். ஆண்டுக்குக் கீழே இருப்பது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கான குறி: சின்னப் புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைர வடிவம் என்றால் மும்பை, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. பத்து ரூபாயில் பதினான்கு வடிவங்கள் உண்டு, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொன்ன பிறகும், “இது ஓடாதுங்க” என்று பல கடைகளில் தள்ளிவிட்டார்கள். அந்தக் கைகளே சுத்தியடி நாணயத்துக்கு ஐந்நூறு கொடுக்கின்றன.

என் ஐந்து ரூபாய்க்கு ஒரு வியாபாரி ஐந்து ரூபாய்தான் தருவதாகச் சொன்னார். நியாயமான விலை. ஆனால் விரிசல் விட்ட அந்த அச்சு ஒரு நாணயத்தோடு நின்றிருக்காது. மாற்றும்வரை அடித்துக்கொண்டே இருந்திருக்கும். அதே கோடு, அதே எழுத்துகளின் ஊடாக, இன்னும் பலவற்றில் இருக்க வேண்டும். கோடு குட்டையாக இருந்தால் என்னுடையதற்கு முன்னால் அடித்தது, நீண்டிருந்தால் பின்னால் அடித்தது. இரண்டாவது இன்னும் அகப்படவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடை அண்ணாச்சி இப்போதெல்லாம் மீதியை ஐந்து ரூபாயாகவே எண்ணி வைத்துவிடுகிறார்.