கம்மியா வைங்க சார்!

"கத்திரி வெயில் சார், காத்து அஞ்சு பாயின்ட் கம்மியாவே வைங்க. வெடிக்காது!" என்று பங்க்கில் காற்றடிக்கும் பையன் சொன்னபோது தலையாட்டியவன் நான். நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.

2018 மே மாதம். உளுந்தூர்பேட்டை தாண்டி நாலுவழிச் சாலை. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் தூக்கம். பின்பக்க டயர் 'டமார்'! வண்டி ஒரு ஆட்டம் ஆடி, ஓரமாகப் போய் நின்றது. பிரேக்கை ஓங்கி மிதிக்காதது என் சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள். பயத்தில் கால் மரத்துப்போயிருந்தது.

பிறகுதான் விசாரித்தேன். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரியும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்திப் பாருங்கள், சுடும். அந்தச் சூட்டோடு தார்ச்சாலைச் சூடு, ஐந்து பேர் பாரம், நூறு கிலோமீட்டர் வேகம்... ரப்பர் என்ன பண்ணும், பாவம்!

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் ஒரு ஸ்டிக்கரில் அளவு போட்டிருக்கிறது. காலையில், டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவு. ஓடிச் சூடேறினால் கூடத்தான் காட்டும், பிடுங்கிவிடாதீர்கள்.

டயர் ஓரத்தில் நாலு இலக்கமும் இருக்கும். என்னுடையதில் 2311. அதாவது, 2011-ல் 23-வது வாரம் பிறந்தது. 'பட்டன் தேயவே இல்லையே' என்று ஏழு வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

கூலன்ட், பேட்டரியெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். ஸ்டெப்னியை நீங்களே பாருங்கள். அன்றைக்கு இறக்கினால், அதிலும் காற்று இல்லை. புளியமரத்தடியில் முந்தானையால் விசிறிக்கொண்டே அம்மா கேட்டாள்:

"இதுலயும் கம்மியா வெக்கச் சொன்னானாடா?"