சித்தப்பாவுக்கு யார் மார்க் போடறது?

இந்த வருஷ அப்ரைசலில் எனக்கு அஞ்சுக்கு மூணு. அந்தக் கடுப்போடதான் குன்னூருக்கு பஸ் ஏறினேன். சித்தப்பா இ.பி.யில் லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர்.

"உங்களுக்கு இந்த மார்க் தொல்லையெல்லாம் இல்ல, குடுத்து வெச்சவர் சித்தப்பா"ன்னேன். சிரிச்சார்.

ஆனா மின்சாரத் துறைக்கும் மார்க் இருக்குங்க. அதில் ஒண்ணு 'சைடி'. வருஷத்துக்கு சராசரியா ஒரு நுகர்வோருக்கு எவ்வளவு நேரம் கரண்ட் இல்லைங்கற கணக்கு. கேட்க நியாயமாத்தான் இருக்கு. பேப்பரில் போட்டுப் பார்த்தேன்.

எஸ்டேட் லைனில் 10 வீடு, 8 மணி நேரம் கரண்ட் இல்லை: 80 மணி. டவுனில் 1000 வீடு, வெறும் 5 நிமிஷம் போச்சு: 83 மணி! மார்க்கை மட்டும் பார்க்கற ஆபீஸ், அந்தப் பத்து வீட்டுக்குக் கடைசியாத்தான் ஆள் அனுப்பும். 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் தயாரிச்சு கீழே அனுப்பின மலை இது. இங்கேயே இந்தக் கதை :-(

மலையில் வேலையும் வேற மாதிரி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டுச்சு. அந்த மாதிரி மழையில் மரம் எங்கே விழுந்து கம்பி அறுந்திருக்குன்னு நடந்து தேடவே பாதி நாள் போயிடும்.

"இருந்தாலும் சீக்கிரம் முடிச்சா நல்லதுதானே சித்தப்பா?"

"எதை விட்டுட்டு சீக்கிரம் முடிக்கணும், சொல்லு. லைன் கிளியர் வாங்கறதையா, எர்த் ராடு மாட்டறதையா?"

சப்ஸ்டேஷனில் ஆஃப் பண்ணினாலும், எங்கேயோ ஒரு ஃபேக்டரி ஜெனரேட்டரை லைனில் இருந்து சரியா பிரிக்காம ஓட்டினா ரிட்டர்ன் வருமாம்.

"ஒரு நாள் எர்த் மாட்டினதும் பட்டுனு பொறி பறந்துச்சுடா. மாட்டாம ஏறியிருந்தா இன்னைக்கு நீ யாரைப் பார்க்க வந்திருப்பே? அன்னைக்கு இருபது நிமிஷம் லேட்."

எனக்குப் பேச்சே வரலை. அந்த இருபது நிமிஷம் சைடி கணக்கில் வெறும் நஷ்டம்!

கணக்கே வேணாம்னு சொல்ல வரலை. கணக்கு இல்லேன்னா எந்த ஃபீடர் அடிக்கடி போகுதுன்னே தெரியாது. ஆனா மலை லைனைத் தனியாப் பார்க்கணும். லைன் கிளியர் வாங்கி, எர்த் மாட்டி வேலை செஞ்சானான்னும் பார்த்து அதுக்கும் மார்க் போடணும். என் அறிவுக்கு எட்டினது இவ்வளவுதான்.

ராத்திரி சாப்பிடறப்போ கரண்ட் போச்சு. வழக்கம்போல திட்ட வாயெடுத்தேன். சித்தப்பா ஜன்னல் வழியா மழையைப் பார்த்துட்டு மெதுவாச் சொன்னார்:

"எவன் போஸ்ட் மேல நிக்கறானோ..."